குருவம்மா கூடு மாறிய வருஷம்

ஒரு காட்டில் சிங்கம் இருந்ததா என்று கேட்காதீர்கள். இது அலையாத்திக் காடு. இங்கே சிங்கம் வந்தால் முட்டி வரைக்கும் சேற்றில் புதைந்து, தூக்கிவிட ஆள் தேட வேண்டியதுதான். அந்தக் காடு முடிகிற இடத்தில் கடல் ஆரம்பிக்கிறது. கடலுக்குள் எட்டு ஆள் ஆழம் இறங்கினால் சேறும் மணலும் பாதிக்குப் பாதி கலந்த ஒரு தரை வரும். மேலோட்டமாகப் பார்த்தால் அங்கே ஒன்றுமே இருக்காது. கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள், தரை முழுக்கச் சின்னச் சின்ன ஓட்டை தெரியும். ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு குடித்தனம். புழு, மட்டி, நத்தை என்று முதுகெலும்பு இல்லாத ஜனங்கள் அத்தனை பேரும் அங்கேதான் இருக்கிறார்கள். அந்த ஊருக்குச் சேற்றுமணல் என்று பெயர்.

சேற்றுமணலில் எதுவும் மாறாது. அதுதான் அந்த ஊரின் பெருமை, சாப்பாடு, மூச்சு எல்லாம். முப்பது வருஷத்துக்கு முன்னால், மாசி மாதத்தில் கடல் அடங்கிக் கிடந்த ஒரு காலையில், மேலே ஒரு படகு வந்து நின்றது. படகிலிருந்து கயிற்றில் கட்டிய ஓர் இரும்பு வாய் இறங்கியது. முறம் அகலத்துக்கு மண்ணைக் கவ்விக்கொண்டு மேலே போனது. படகில் இருந்தவர்கள் அந்த மண்ணைச் சலித்து, உள்ளே இருந்த ஜீவன்களை எண்ணி, எழுதிக்கொண்டு, திரும்பவும் கடலிலேயே கொட்டிவிட்டார்கள். நானூற்றுப் பன்னிரண்டு ஜீவன், இருபத்திரண்டு வகை. மேலே போய்வந்த ஒரு கணவாய் அந்தப் பட்டியலை வரிக்கு வரி மனப்பாடம் செய்துகொண்டு வந்து ஊரில் ஒப்பித்தது.

அடுத்த வருஷமும் அதே மாசியில் அதே இடத்தில் இரும்பு வாய் இறங்கியது. ஊர்க்காரர்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது, இது ஆஜர் எடுக்கிற வேலை என்று. பட்டியலில் இருந்தபடியே வந்து நின்றார்கள். அன்றிலிருந்து வருஷா வருஷம் இதே கூத்து. செத்துப்போனவர்கள் இடத்தில் அவர்கள் பெயரிலேயே வேறு ஆள் வந்து நிற்கும். மேலே போனவர்களில் பெரும்பாலோர் திரும்பி வந்துவிடுவார்கள். வராதவர்களின் பெயர் மட்டுமாவது அடுத்த வருஷத்துக்குள் வந்துவிடும்.

இந்த வருஷம் மட்டும் ஒரு விசேஷம் உண்டு. போன வருஷம் மேலே போனவர்கள் ஒரு செய்தியைக் கேட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். இன்னும் ஒரே ஒரு தரம் எண்ணிக்கை மாறாமல் இருந்தால், முப்பத்தொரு வருஷக் கணக்கு முழுதாகிவிடும். சேற்றுமணலில் இழுவை மடி போடக் கூடாது என்று தடை வந்துவிடும். மாறினால் தடை கிடையாது, விசைப்படகு உள்ளே வரும். இழுவை மடி என்றால் அடித்தரையையே வாரிக்கொண்டு போகிற வலை. தெற்கே இப்படித்தான் ஓர் ஊர் இருந்தது. ஒரு காலையில் அந்தப் பக்கம் வலை போனது. சாயங்காலம் அங்கே ஊர் இல்லை, இரண்டு தடம்தான் இருந்தது.

அதனால் ஊருக்கே வயிறு கலங்கிக்கொண்டிருந்தது. ஆனால் குருவம்மாவுக்குக் கலங்கியது நிஜமான வயிறு.

குருவம்மா ஒரு சங்கு நண்டு. இந்த நண்டுக்கு முன்பக்கம் ஓடு, கொடுக்கு எல்லாம் ஜம்மென்று இருக்கும். பின்பக்கம் மட்டும் வெறும் தோல். அந்த மெத்தென்ற வயிற்றை வெளியே காட்டினால் போகிற வருகிற மீனெல்லாம் கடித்துவிடும். அதனால் செத்த நத்தையின் கூட்டுக்குள் பின்பக்கத்தைத் திணித்துக்கொண்டு, கூட்டையும் தூக்கிக்கொண்டே திரியும். படித்தவர்கள் இதைத் துறவி நண்டு என்கிறார்கள். வீட்டுக்காக இவ்வளவு அலைகிற துறவியை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

கஷ்டம் என்னவென்றால், நண்டு வளரும், கூடு வளராது. குருவம்மா இரண்டு வருஷமாக ஒரே கூட்டில் இருந்தாள். நடந்தால் இடிக்கிறது, உட்கார்ந்தால் பிதுங்குகிறது, சாப்பிட்டால் மூச்சு முட்டுகிறது. கடைசி நான்கு நாளாகச் சாப்பிடவே இல்லை. "இன்னும் ஒரு வாரம் இதுக்குள்ள கிடந்தா வயிறு கிழிஞ்சு செத்துருவேன்" என்று பக்கத்து ஓட்டையில் இருந்த மட்டி சாந்தப்பனிடம் அழுதாள்.

"பொறுத்துக்கக்கா" என்றது மட்டி, சிப்பியை ஒரு நூல் மட்டும் திறந்து. "என்னைப் பாருங்க. நான் அஞ்சாவது சாந்தப்பன். முதல் சாந்தப்பன் யாருன்னே எனக்குத் தெரியாது. அவருக்கு இடது ஓட்டுல ஒரு கீறல் இருந்துச்சாம். நான் பொறுப்புக்கு வந்த அன்னைக்கு எனக்கும் அதே இடத்துல கீறி விட்டாங்க. மழைக்காலம் வந்தா இன்னும் விண்ணு விண்ணுன்னு தெறிக்குது."

இதைக் கேட்டுக் குருவம்மாவின் அழுகை கூடத்தான் செய்தது.

அவளுக்குப் பின்னால் இன்னும் எட்டு சங்கு நண்டு இருந்தன. ஒன்பது பேரில் குருவம்மாதான் பெரியவள். சங்கு நண்டு ஜாதியில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய காலிக் கூடு ஒன்று கிடைத்தால் யாரும் சண்டை போட மாட்டார்கள். பெரியவர் முதல் சிறியவர் வரை உடம்பு அளவுப்படி வரிசையில் நிற்பார்கள். ஒவ்வொருவரும் முன்னால் நிற்பவர் கூட்டைப் பிடித்துக்கொள்வார்கள். முதல் ஆள் புதுக் கூட்டுக்குள் போனதும், அவர் விட்டதில் அடுத்தவர், அவர் விட்டதில் அதற்கடுத்தவர் என்று நொடியில் எல்லாரும் ஒரு சுற்றுப் பெரிய வீட்டுக்குக் குடிபோய்விடுவார்கள். நம்மூரில் ரேஷன் கடை வாசலில் நிற்கிறவர்கள் இதைப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். ஆனால் முதல் ஆள் நகராமல் பின்னால் யாரும் நகர முடியாது. குருவம்மா மாறாதவரைக்கும் எட்டு பேருக்கும் இறுக்கம்தான். "என்னக்கா ஆச்சு? எப்பக்கா மாறுவீங்க?" என்று நாள் பூரா நச்சரித்துக்கொண்டே இருந்தார்கள்.

கடைசியில் குருவம்மா ஊர் அலுவலகத்துக்கே கிளம்பிவிட்டாள்.

அலுவலகம் ஓர் உடைந்த பானைக்குள் இருந்தது. எழுத்தர் மாசிலாமணி, ஒரு கணவாய். அந்தக் காலத்தில் பட்டியலை மனப்பாடம் செய்த கணவாயின் பேரனுக்குப் பேரன். மை சொந்தம் என்பதால் குடும்பத்துக்கே அந்த உத்தியோகம் நிலைத்துவிட்டது. பானை வாசலில் நீள வரிசை. குருவம்மாவுக்கு முன்னால் பதினேழு புழுக்கள். புழு வரிசையில் எது தலை, எது வால் என்று யாருக்குத் தெரிகிறது? பாவம், ஒரு மணி நேரம் தப்பான முனையில் நின்றுவிட்டு, பிறகு சுற்றி வந்து சரியான முனையில் நின்றாள்.

"பேரு?" என்றார் மாசிலாமணி, தலையைத் தூக்காமல்.

"குருவம்மா."

பதிவேட்டைப் புரட்டினார். "அப்படி யாரும் இல்லையே."

"இதோ நிக்கிறேனே சார்!"

"நிக்கிறது வேற, இருக்கிறது வேற. சங்கு நண்டு எத்தனைன்னு இங்க பாருங்க. பூஜ்யம். முதல் வருஷத்துலேருந்தே பூஜ்யம். உங்க கூட்டுப்படி நீங்க நத்தை செல்லக்கனி."

"செல்லக்கனி செத்து ஆறு வருஷம் ஆச்சு சார்."

மாசிலாமணி பதறிப்போய் இரண்டு பக்கமும் பார்த்தார். "மெதுவா சொல்லுங்கம்மா! அவங்க ஒரு வருஷம் தப்பாம ஆஜராகிக்கிட்டு இருக்காங்க."

குருவம்மாவுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. இரண்டு வருஷமாக மாசி பிறந்தால் போதும், காலை மடக்கி, கொடுக்கை மடக்கி, கண்ணை உள்ளே இழுத்து, நத்தை மாதிரி மூச்சடக்கிக் கிடந்தது இவள். ஆஜரானது செல்லக்கனியாம்! ஆனால் காரியம் ஆகவேண்டியது இவளுக்கு. கோபத்தை விழுங்கிக்கொண்டாள்.

"எனக்குக் கூடு மாத்திக்கணும் சார். ஒரு படிவம் குடுங்க."

"மாத்துறதுக்கா? அதுக்குப் படிவம் கிடையாது. மாத்த மாட்டேன்னு எழுதிக் குடுக்கப் படிவம் இருக்கு, மூணு பிரதி. தரட்டுமா?"

"சார், மூச்சு முட்டுது சார். மொத்தத்துல ஒண்ணும் குறையாதே. நாங்க ஒன்பது பேரு மாறினாலும் ஒன்பது பேருதானே?"

மாசிலாமணி கணக்கில் புலி. "நீங்க பெரிய கூட்டுக்குப் போனா பெரிய நத்தை ஒண்ணு கூடும். கடைசியில இருக்கிற பொடிக்கூடு காலியாகும். அப்ப சின்ன நத்தை ஒண்ணு குறையும். மொத்தம் சரியா வரும், வகை சரியா வராது. வகை சரியா வரலைன்னா மாற்றம். மாற்றம்னா..." இழுவை மடியை நினைத்துவிட்டார் போல. பயம் வந்தால் மாசிலாமணிக்கு மை வந்துவிடும். பானை முழுக்கக் கறுத்துப்போனது. தெளிந்து பார்த்தால் நாற்காலிதான் இருந்தது, சார் இல்லை. வரிசையில் நின்ற புழுக்களெல்லாம் குருவம்மாவை வைதன.

அலுவலகம் கைவிட்டதும், நேரே தலைவர் ஐங்கரனிடம் போய் விழுந்தாள். ஐங்கரன், நட்சத்திர மீன் குடும்பத்தில் ஒல்லிக் கிளை. நடுவில் ஒரு பொத்தான், அதைச் சுற்றி நூல் மாதிரி ஐந்து கை. கை உடைந்தால் வேறு கை முளைக்கும். இப்போது அவருக்கு இருக்கிற ஐந்தில் ஒன்றுகூடப் பிறந்தபோது இருந்த கை கிடையாது. ஆனாலும் மாறாமையைப் பற்றி மேடை போட்டுப் பேச அவரை விட்டால் ஆள் இல்லை.

அன்று ஒத்திகை. இரும்பு வாய் இறங்குகிற இடத்தில் ஐங்கரன் ஒரு வட்டம் போட்டு, ஐந்து கையாலும் ஐந்து பக்கம் அதட்டிக்கொண்டிருந்தார்.

"குழாய்ப்புழு நூத்தி எண்பத்தாறு?"

"இருக்கோம்!"

"மட்டி முப்பத்தொண்ணு? சாந்தப்பா, கீறல் வெளியே தெரியற மாதிரி திரும்பிப் படு! நத்தை, பதினாலு?"

உண்மையான நத்தை ஐந்தும், நத்தை வேஷத்தில் சங்கு நண்டு ஒன்பதும் குரல் கொடுத்தன. குருவம்மா குரல் கொடுக்காமல் முன்னால் வந்தாள்.

"தலைவரே, என்னால முடியல. எனக்கு ஒரு வழி சொல்லுங்க."

ஐங்கரன் கெட்டவர் இல்லை. ஒரு கையால் அவள் கூட்டைத் தடவிக் கொடுத்தார். "எனக்குத் தெரியாதா தாயி? இன்னும் ஒரே ஒரு வாரம். மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இரு."

"விடுறதுக்கே இடமில்ல தலைவரே. பிடிச்சு எங்க வைக்கிறது?"

"ஊருக்காகம்மா. நானூத்திப் பன்னிரண்டு உசிரு. நீ ஒருத்தி அசைஞ்சா அத்தனை பேரும் வலையில."

குருவம்மா வட்டத்துக்குள் போய்ச் செல்லக்கனியாக உட்கார்ந்தாள். ஒரு வாரமும் அசையாமல் கிடந்தாள். வலி வந்தபோதெல்லாம் நானூற்றுப் பன்னிரண்டு வரைக்கும் எண்ணினாள். எண்ணி முடித்தும் வலி இருந்தால் மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள்.

மாசி வந்தது. அந்தக் காலையும் வந்தது. மேலே படகின் நிழல் விழுந்ததும் ஊரே கப்சிப். எல்லாரும் வட்டத்துக்குள் அவரவர் இடத்தில். மாசிலாமணி ஒரு தரம் பட்டியலைப் படித்து முடித்தார். எல்லாம் சரி. ஐங்கரன் பெருமையோடு ஐந்து கையையும் மடக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

அப்போதுதான் படகிலிருந்து நங்கூரம் விழுந்தது.

வருஷா வருஷம் நங்கூரம் தள்ளித்தான் விழும். இந்த வருஷம் நீரோட்டம் கொஞ்சம் மாறியிருந்தது. வட்டத்துக்குப் பக்கத்தில் விழுந்து, மண்ணை உழுதுகொண்டே வந்து நின்றது. உழுத சாலிலிருந்து எத்தனை வருஷமாகப் புதைந்து கிடந்ததோ, ஒரு பெரிய காலிக் கூடு உருண்டு வந்து குருவம்மாவின் மூக்குக்கு முன்னால் நின்றது.

அடடா, அதென்ன கூடு! வாய் அகலம், உள்ளே வழுவழுப்பு, நுனி கொஞ்சமும் உடையவில்லை. வயிறு இரண்டு சுருள் முழுசாக உள்ளே போனாலும் இன்னும் இடம் மிச்சம் இருக்கும். குருவம்மாவுக்குக் கண் இரண்டும் தண்டோடு வெளியே வந்துவிட்டது.

"வேண்டாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "நான் செல்லக்கனி. செல்லக்கனிக்கு எதுக்குக் கூடு?" கண்ணை உள்ளே இழுத்துக்கொண்டாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண ஆரம்பித்தாள். பன்னிரண்டு வரைக்கும் வந்திருப்பாள், பின்னால் யாரோ அவள் கூட்டைப் பிடிப்பது தெரிந்தது. திரும்பிப் பார்த்தால், எட்டு பேரும் அளவுப்படி வரிசையில் வந்து நின்றுவிட்டார்கள். ஒருவர் கூட்டை ஒருவர் பிடித்தபடி, கடைசியில் ஒரு பொடிசு.

"அக்கா, ஏறுங்கக்கா!"

"கலைஞ்சு போங்கடா, பாவிகளா! ஊர் போயிரும்!"

"வரிசை நின்னாச்சுக்கா. இனி எப்படிக் கலையறது?"

அதுவும் நியாயம்தான். வரிசை நின்றுவிட்டால் சங்கு நண்டுக்குக் கலையத் தெரியாது. தலைமுறை தலைமுறையாகக் கலைந்ததில்லை. அந்தப் பக்கம் ஐங்கரன், "உள்ளே போங்க! நத்தையெல்லாம் உள்ளே போங்க!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். மாசிலாமணியைச் சுற்றி ஏற்கெனவே தண்ணீர் கறுக்க ஆரம்பித்துவிட்டது. குருவம்மா ஊரைப் பார்த்தாள், கூட்டைப் பார்த்தாள். வயிற்றில் ஒரு நரம்பு சுரீரென்று இழுத்தது.

"என்னை மன்னிச்சிருங்க எல்லாரும்!" என்று அழுதுகொண்டே பழைய கூட்டிலிருந்து பின்பக்கத்தை உருவினாள்.

அவள் வெளியே வந்தாளோ இல்லையோ, பின்னால் இருந்த எட்டு அவசரக் குடுக்கையும் ஒரே நேரத்தில் வெளியே வந்துவிட்டன. ஒன்பது சங்கு நண்டு, ஒன்பதும் அம்மணம், நட்ட நடு வட்டத்தில். அதைப் பார்த்த புழுக்கள் வெட்கப்பட்டுக் குழாய்க்குள் ஓடின. மட்டிகள் பயந்து ஆழத்துக்கு இறங்கின. மாசிலாமணி மையை மொத்தமாகப் பீச்சினார். அந்தக் கறுப்புக்குள், சரியாக அந்த நொடியில், இரும்பு வாய் இறங்கி மூடிக்கொண்டது.

குருவம்மா மறுபடி கண்ணைத் திறந்தபோது ஒரு வெள்ளைத் தட்டில் கிடந்தாள். மேலே வெயில் கொளுத்தியது. தட்டுக்கு மேல் ஒரு பெண்ணின் முகம் தெரிந்தது. ஆராய்ச்சி மாணவி, ஜெபமலர் என்று பெயர். படகோட்டி கஸ்பார் அண்ணன் சல்லடையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சுது" என்று நினைத்தாள் குருவம்மா. "என்னாலதான். தெற்கே இருந்த ஊர் மாதிரி எங்க ஊரும் ரெண்டு தடமா ஆகப்போகுது."

"அண்ணா, இங்க பாருங்களேன்!" என்று ஜெபமலர் கத்தினாள். "ஒன்பது சங்கு நண்டு! ஒண்ணுமேல கூட ஓடு இல்ல!"

"போன வருஷமும் சங்கு நண்டுன்னு ஏதோ சொன்னியேம்மா?"

"ஆமாண்ணா. நத்தை ஓட்டுக்குள்ளேருந்து கால் நல்லாவே தெரிஞ்சுது. உள்ளுக்குள்ள மடக்கி வச்சுக்கிட்டு ஒரே நடுக்கம், பாவம். சங்கு நண்டுன்னுதான் எழுதினேன். பதிவு பண்ற இந்த டேப்லெட்தான் எடுத்துக்கல."

குருவம்மாவுக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. கால் தெரிந்ததாமே! இரண்டு வருஷம் மூச்சடக்கிக் கிடந்தது எதற்கு?

ஜெபமலர் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து, வாய்விட்டு எண்ணினாள். அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல முடியாது, அத்தனை ஒழுங்கு. புழு நூற்று மூன்று. மட்டி நான்கு. மிச்சமெல்லாம் ஓடிப்போயிருந்தன. மொத்தம் நூற்றறுபது கூடத் தேறவில்லை. அதையே டேப்லெட்டில் தட்டினாள். உடனே சிவப்பாக ஒரு கட்டம் வந்தது. 'சென்ற ஆண்டுடன் பொருந்தவில்லை. சரிபார்க்கவும்.'

மறுபடி எண்ணி, மறுபடி தட்டினாள். சிவப்பு. சங்கு நண்டு ஒன்பது என்று தட்டினாள். அதற்கும் சிவப்பு. அடுத்த பக்கத்துக்கே போக மறுத்தது. ஆபீசுக்குப் போன் போட்டாள். நடுக்கடலில் ஏது சிக்னல்?

"மலரு, தண்ணி திரும்புது, கரைக்குப் போகணும்" என்றார் கஸ்பார். "ஆபீஸ்காரங்க அந்தப் பொட்டிக்குள்ள முதல் வருஷக் கணக்கைத்தான் வச்சிருக்காங்க போல. உனக்கு முன்னால வந்த தம்பியும் இதே மாதிரிதான் தட்டித் தட்டிப் பார்ப்பான். கடைசியில பழைய கணக்கையே போட்டுட்டுச் சோறு திங்க உட்காருவான். அதுக்கு முன்னால வந்த சாரும் அதேதான்."

"அப்ப முப்பது வருஷமும்?"

"எனக்கு இருபத்திரண்டு வருஷம்தான் தெரியும்."

ஜெபமலர் பல்லைக் கடித்துக்கொண்டு, நானூற்றுப் பன்னிரண்டு என்று தட்டினாள். பளிச்சென்று ஒரு பச்சை டிக் விழுந்தது. 'மாற்றம் இல்லை. தொடர்ந்து முப்பத்தொன்றாவது ஆண்டாக நிலையான சமூகம். வாழ்த்துகள்!'

"போகட்டும்ணா" என்றாள். "இதனாலயாவது இழுவை மடிக்குத் தடை வந்துரும். இதுங்க நிம்மதியா இருக்கட்டும்."

குருவம்மா அதற்கு மேல் எதையும் கேட்கவில்லை. தட்டின் ஓரத்தில், பழைய கூடுகளுக்கு நடுவே, அந்தப் பெரிய கூடு கிடந்தது. ஓடிப்போய் ஏறினாள். வயிறு முதல் சுருளில் நுழைந்து, இரண்டாம் சுருளில் திரும்பி, உள்ளே நிம்மதியாகச் சாய்ந்தது. அம்மாடி! இரண்டு வருஷமாக விடாத மூச்சை அங்கேதான் விட்டாள். பின்னால் எட்டு பேரும் டக் டக் டக்கென்று அடுத்தடுத்த கூட்டில் ஏறினார்கள். ஜெபமலர் சிரித்துவிட்டாள். கடைசிப் பொடிசு ஏறுகிற வரைக்கும் காத்திருந்து, போட்டோவும் எடுத்துக்கொண்டு, வாளியில் தண்ணீரோடு கடலில் இறக்கிவிட்டாள்.

கீழே ஊர் இழவு வீடாகக் கிடந்தது. ஐங்கரன் பயத்தில் இரண்டு கையை உதிர்த்துவிட்டு, மிச்சம் மூன்றால் மண்ணில் அடித்து அழுதுகொண்டிருந்தார். மாசிலாமணியிடம் ஒரு சொட்டு மை மிச்சமில்லை, வெளிறிப்போயிருந்தார்.

குருவம்மா பெரிய கூட்டோடு தரையில் இறங்கினாள். "பச்சை விழுந்துருச்சு!" என்று கூவினாள். "நானூத்திப் பன்னிரண்டு. மாற்றம் இல்லைன்னு போட்டாச்சு. தடை வருது!"

ஒரு நொடி ஊர் நம்பவில்லை. அப்புறம் பாருங்கள், என்ன ஆட்டம்! புழுக்கள் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துச் சிக்கிக்கொண்டன. சாந்தப்பன் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஓட்டை முழுசாகத் திறந்து சிரித்தான். அந்தக் கீறல் ஓட்டைப் பார்த்தபோது குருவம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. இவனுக்காகவாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று பட்டது. மேலே யாரும் கீறலைப் பார்ப்பதில்லை, கூட்டைப் பார்ப்பதில்லை, எண்ணினாலும் எழுதுவதில்லை. ஊர் இஷ்டம்போல இருக்கலாம். யாரும் யார் பெயரிலும் நிற்க வேண்டியதில்லை.

"தலைவரே" என்று ஆரம்பித்தாள். "ஆனா, மேலே என்ன நடந்துச்சுன்னா..."

ஆனால் ஐங்கரன் அதற்குள் மேடையேறிவிட்டார். மூன்று கையையும் உயர்த்தி ஊரை அமர்த்தினார்.

"ஜனங்களே! முப்பத்தொண்ணாவது வருஷமும் நாம ஜெயிச்சுட்டோம். எப்படி ஜெயிச்சோம்? இன்னைக்கு நடந்தது என்னவோ அதனாலதான் ஜெயிச்சோம். தடை வந்தாலும் வருஷா வருஷம் எண்ண வருவாங்க, இன்னைக்கு நடந்ததுல ஒரு துரும்பு மாறினாலும் இனி ஆபத்து. மாசிலாமணி, எழுதிக்கய்யா! மை இல்லைன்னா மண்ணுல கீறு! அடுத்த மாசியில நங்கூரம் விழுந்ததும் ஒன்பது பேரும் வரிசையா வந்து நிக்கணும். பழைய கூட்டை விட்டு வெளியே வரணும். அதைவிடப் பெரிய கூட்டுக்கு மாறணும். இது வருஷா வருஷம் கட்டாயம். பெரிய காலிக் கூடு ஒண்ணைத் தேடிக் கொண்டுவந்து வைக்கிறது ஊர்ப் பொறுப்பு. மாறாதவங்க மேல நடவடிக்கை எடுக்கப்படும்!"

ஊர் ஆரவாரம் செய்தது. பின்னால் எட்டு பேரும் குருவம்மாவின் கூட்டைப் பிடித்து உலுக்கினார்கள். "அக்கா, வருஷா வருஷமாம்க்கா!"

குருவம்மாவுக்கு நாக்கு நுனியில் உண்மை நின்றது. இப்போது சொன்னால் ஊர் விடுதலையாகும். பட்டியல், பானை, ஒத்திகை எல்லாம் போகும். கூடவே, ஊரே சேர்ந்து அவளுக்குக் கூடு தேடித் தருகிற கட்டாயமும் போய்விடும். அப்புறம் கூடு கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இன்னொரு தரம் பிதுங்கிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். உள்ளே வயிறு ஒரு சுற்று சுகமாகப் புரண்டது.

"என்னம்மா, ஏதோ சொல்ல வந்தியே?" என்றார் ஐங்கரன். "மேலே என்ன நடந்துச்சு?"

"ஒண்ணுமில்ல தலைவரே" என்றாள் குருவம்மா. "மேலே வெயில் ஜாஸ்தி."

அடுத்த வருஷம் எல்லாம் அச்சு அசலாக அப்படியே நடந்தது. நங்கூரம் தள்ளி விழுந்தாலும் புழுக்கள் போய் மண்ணை உழுதுவைத்தன. நூற்று எண்பத்தாறில் எண்பத்து மூன்று பேர் வெட்கப்பட்டு ஓட வேண்டும் என்று முறை வைத்து ஓடினார்கள். மாசிலாமணி நேரம் பார்த்து மை பீச்சினார். ஐங்கரன் கண்ணீர் வழிய வழிய, நன்றாக இருந்த இரண்டு கையை வட்டத்தில் உடைத்துப் போட்டார். சாந்தப்பனுக்கு அந்த வருஷம் புதிதாக ஓட்டை முழுசாகத் திறந்து சிரிக்கிற வேலையும் சேர்ந்தது. வட்டத்துக்கு நடுவில், ஊரே நான்கு மாதம் அலைந்து தேடிக் கொண்டுவந்து வைத்த கூட்டுக்குள், குருவம்மா கால் மேல் கால் போட்டுக் குடியேறினாள். மேலே பச்சை டிக் விழுந்தது.

நீதி: மாற்றம் வேண்டுமென்று மனுக் கொடுத்து அலையாதே, சோதனைக்கு வருகிற நாளில் ஒரே ஒரு தடவை தப்பாக நடந்துகொள். அடுத்த வருஷத்திலிருந்து அதுதான் ஐதீகம்.